பிடிக்கிறவனுக்கு என்ன விலை?

கல்லணையைத் தாண்டிக் காவிரியின் வடகரையோடு கிழக்கே வந்தால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருச்சன்னம்பூண்டி என்ற ஊர் வரும். பழைய சிவன் கோயில் ஒன்றுக்காகக் கல்வெட்டு படிப்பவர்கள் அறிந்த ஊர் அது. கபடி பார்ப்பவர்களுக்கு வேறொரு காரணத்தால் தெரியும். தர்மராஜ் சேரலாதன் பிறந்தது அங்கேதான்.

2016 ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த புரோ கபடி லீக் இறுதிப் போட்டியில் பாட்னா பைரேட்ஸ் அணி ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸை 37-29 என்று வென்றது. பாட்னாவின் தலைவர் சேரலாதன். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அந்த அணியின் தடுப்பில் அவரோடு நின்றவர் ஈரானின் ஃபசல் அத்ராசலி. ஆனால் அந்த ஆண்டைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் பர்தீப் நர்வால். பாடிப் போய்ப் புள்ளி அள்ளி வந்தவர் அவர். பாடிப் போனவன் நினைவில் நிற்கிறான், பிடித்தவன் நிற்பதில்லை. நினைவில் நிற்காதவனுக்கு ஏலத்திலும் காசு நிற்பதில்லை.

ஓர் அணி தன் தடுப்பாட்டக்காரர்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், அவர்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் நடக்கும் வாதம். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது இது பெரிய சர்ச்சையாகிறது. நம் மண்ணில் இந்தக் கேள்விக்கு உரிய களம் கபடிதான். சொல்லப்போனால், நாம் இங்கே ஆடும் கால்பந்தைவிடக் கபடியில் கேள்வி இன்னும் கூர்மையானது. கால்பந்தில் பந்து நடுவில் ஓடுகிறது, தாக்குதலும் தடுப்பும் கலந்து நிற்கின்றன. கபடியில் ஒரு பக்கம் ஒருவன், மறுபக்கம் ஏழு பேர், நடுவில் முப்பது விநாடி.

ஆட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் விலை விவகாரம் புரியும். ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாடிப் போகிறவர், அதாவது ரெய்டர், ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி. அவரைப் பிடித்துவிட்டால் பிடித்த அணிக்கும் ஒரு புள்ளி. இரண்டிலும் புள்ளி எடுத்த அணிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் உள்ளே வருகிறார். மேலோட்டமாகச் சமமாகத் தெரிகிறது. ஆனால் பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் இரண்டு, மூன்று பேரைத் தொட்டு வரலாம். எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டினால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி கிடைக்கும். பிடிப்பவருக்கு ஒரு பிடிக்கு ஒன்றுதான். மூவரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் மட்டும் 'சூப்பர் டேக்கிள்' என்று இரண்டு.

அதனால் கணக்குப் புத்தகத்தில் ரெய்டரின் பக்கம் எப்போதும் கொழுத்துத்தான் இருக்கும். பர்தீப் நர்வால் லீக்கில் எடுத்த ரெய்டு புள்ளிகள் 1,800-க்கு மேல். பிடிப்பதில் லீக்கின் உச்சத்தில் இருக்கும் ஃபசல் அத்ராசலி 500-ஐத் தாண்டியதே பெரிய செய்தியானது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒருவர் மற்றவரைவிட மூன்றரை மடங்கு மதிப்புள்ளவர் என்று சொன்னால், அது நெல்லையும் உளுந்தையும் ஒரே மரக்காலில் அளந்து விலை சொல்வதைப் போன்றது. ஆனால் ஏல மேசையில் பல ஆண்டுகள் நடந்தது ஏறத்தாழ அதுதான்.

விலைகளைப் பார்ப்போம். 2014-இல் முதல் ஏலத்தில் அதிகம் கொடுக்கப்பட்டது ராகேஷ் குமாருக்கு, 12.8 லட்சம் ரூபாய். நான்கே ஆண்டில் ஏலம் கோடியைத் தொட்டது. 2018-இல் ஒரு கோடிக்குப் போன முதல் ஆட்டக்காரர் ஒரு தடுப்பாட்டக்காரர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். யு மும்பா அணி ஃபசல் அத்ராசலியை ஒரு கோடிக்கு எடுத்தது. ஆனால் அதே ஏலம் முடிவதற்குள் மோனு கோயத் 1.51 கோடி, ராகுல் சௌத்ரி 1.29 கோடி என்று பாடிப் போகிறவர்களின் விலை அவரைத் தாண்டிப் போய்விட்டது. கோடியைத் தொட்ட ஆறு பேரில் தடுப்புக்காகவே வாங்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். 2021-இல் பர்தீப் நர்வால் 1.65 கோடி. 2022-இல் நம் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டு ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய தொகையே 4.4 கோடிதான். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு.

பாடிப் போகிறவருக்குக் கொட்டிக் கொடுப்பவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. 2017 அக்டோபரில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். குஜராத் அணியில் ஃபசல் ஒரு மூலை, அபோசர் மிகானி மறு மூலை. அந்த ஆண்டின் மிக உறுதியான தடுப்பு அதுவே என்று பலரும் சொன்னார்கள். பாட்னா 55-38 என்று அதை உடைத்தது. பர்தீப் அன்று பத்தொன்பது புள்ளிகள் எடுத்தார். அடுத்த பருவத்தின் இறுதிப் போட்டியிலும் அதே குஜராத்தான் தோற்றது. பெங்களூரு புல்ஸ் 38-33 என்று வென்றது, பவன் மட்டும் 22 புள்ளிகள். இரண்டு ஆண்டு தொடர்ந்து, ஒற்றை ஆள் நல்ல தடுப்பைக் கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்த முதலாளிகள் அடுத்த ஏலத்தில் என்ன செய்வார்கள்? ரெய்டரைத்தான் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த இரண்டு இறுதிப் போட்டிகளுக்கு நடுவே 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா வந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்க்கப்பட்ட 1990-இலிருந்து ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே வந்திருந்தது. அந்த முறை அரையிறுதியில் அஜய் தாக்கூர், பர்தீப், ராகுல் என லீக்கின் விலை உயர்ந்த பெயர்கள் வரிசையாக இருந்தும் ஈரானிடம் இந்தியா 18-27 என்று தோற்றது. நாற்பது நிமிட ஆட்டத்தில் பதினெட்டே புள்ளி. தோல்விக்குப் பிறகு பயிற்சி முறையைப் பற்றியும் அணித் தேர்வைப் பற்றியும் நிறையப் பேசினார்கள். என் பார்வையில் அன்று தோற்றது விலைப் பட்டியல். நாம் பாடிப் போகிறவர்களை வளர்த்துக்கொண்டிருந்தபோது ஈரான் பிடிப்பவர்களை வளர்த்திருந்தது.

அதன் பிறகு லீக் மெல்ல மாறியது. இறுதிப் போட்டிகளில் இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்த புள்ளிகளை நான் கூட்டிப் பார்த்தேன். 2017-இல் 93. 2019-க்குள் எழுபதுகளின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. 2022 டிசம்பரில் ஜெய்ப்பூர் 33-29 என்று வென்றபோது 62. 2024 மார்ச்சில் புனேரி பல்டன் 28-25, அதாவது 53. அதே ஆண்டு டிசம்பரில் ஹரியானா ஸ்டீலர்ஸ் 32-23, கூட்டினால் 55. 2025-இல் டபங் டெல்லி 31-28, 59. தொடக்க ஆண்டுகளிலும் சில இறுதிப் போட்டிகள் இப்படிக் குறைந்த புள்ளிகளில் முடிந்தன என்பதால் இதை ஒரே திசையில் ஓடும் கோடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி நாளில் இன்று புள்ளி எடுப்பது கடினமாகிவிட்டது. முப்பது புள்ளியை ஒட்டி முடியும் ஆட்டத்தில் ஒரு பிடியின் விலை கூடத்தானே செய்யும்?

இதை முதலில் உணர்ந்தது புனே. 2023 ஏலத்தில் பவன் செராவத் 2.605 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். அதே ஏலத்தில் புனேரி பல்டன் ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயிக்கு 2.35 கோடி கொடுத்தது. இடது மூலையில் நின்று பிடிக்கும் ஆளுக்கு அவ்வளவா என்று பலர் கேட்டார்கள். அந்தப் பருவத்தில் புனே கோப்பையை வென்றது, தெலுங்கு டைட்டன்ஸ் பன்னிரண்டு அணிகளில் கடைசியாக வந்தது. அடுத்த ஆண்டு ஷாத்லூயி 2.07 கோடிக்கு ஹரியானா போனார். ஹரியானா வென்றது. அதே ஏலத்தில் தமிழ் தலைவாஸ் ரெய்டர் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி கொடுத்து ஒன்பதாம் இடத்தில் முடித்தது.

இங்கே நிறுத்திவிட்டால் வாதம் எளிதாக முடிந்துவிடும். ஷாத்லூயியை வாங்கு, கோப்பை வரும் என்று. 2025-இல் குஜராத் ஜயன்ட்ஸ் அதைத்தான் செய்தது, 2.23 கோடி கொடுத்தது. இறுதிப் போட்டிக்குக்கூட வரவில்லை. அப்படியென்றால் புனேயிலும் ஹரியானாவிலும் இருந்தது வேறென்ன?

கூட நின்றவர்கள். புனேயில் மூலைகளுக்கு உட்புறம் நின்று தடுக்கும் இரண்டு கவர்களான சங்கேத் சாவந்தும் தமிழ்நாட்டின் அபினேஷ் நடராஜனும் கோப்பைக்கு முன்பே ஒரே அணியில் சில பருவங்கள் சேர்ந்து நின்றவர்கள். ஒருவர் கால் எடுத்து வைப்பதைப் பார்க்காமலே மற்றவருக்குத் தெரியும். ஹரியானாவிலும் ஜெய்தீப் தஹியா, ராகுல் சேத்பால் ஆகியோர் முந்தைய ஆண்டின் இறுதிப் போட்டியில் தோற்ற அணியிலேயே இருந்தவர்கள். ஷாத்லூயி இரண்டு இடங்களிலும் ஏற்கெனவே கட்டியிருந்த வரப்புக்குள் வந்து சேர்ந்தார். வரப்பில்லாத வயலில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது.

புள்ளிப் பட்டியல் பொய் சொல்வதும் இங்கேதான். ஒரு பிடி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கிறார். பக்கத்தில் கைகோர்த்து நிற்பவர் சங்கிலியை இறுக்குகிறார். கவர் பாய்ந்து வந்து கோட்டுக்கும் ரெய்டருக்கும் நடுவே தடுக்கிறார். பெரும்பாலும் மூவர் சேராமல் பிடி அமைவதில்லை. ஆனால் புள்ளி ஒருவர் பெயரில் ஏறுகிறது. கவர் சரியான இடத்தில் நின்றதால் ரெய்டர் உள்ளே வராமல், வெறுங்கையோடு திரும்பினால் அது யார் பெயரிலும் ஏறாது. தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய அணி மூன்றாம் முறை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் போய்விடும். அந்த நெருக்கடியை உண்டாக்கியதே முதல் இரண்டு முறை அசையாமல் நின்ற தடுப்பு. மூன்றாம் முறை பாய்ந்து பிடித்தவருக்குத்தான் கைதட்டலும் புள்ளியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அவசரப்பட்டுப் பாய்ந்து, தொடவிட்டு வெளியே போகும் பிடிப்பவர் அணிக்கு ஒரு புள்ளி நட்டம் செய்கிறார். பருவத்துக்கு எழுபது பிடிப் புள்ளி எடுத்தவரைப் பாராட்டும்போது அவர் எத்தனை முறை பாய்ந்து தவறினார் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். 2024 பருவத்தில் தமிழ் தலைவாஸின் நிதேஷ் குமார் 77 பிடிப் புள்ளிகள் எடுத்தார். அவர் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரே பருவத்தில் நூறு பிடிப் புள்ளி எடுத்த முதல் ஆள். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் லீக்கின் முன்னணிப் பிடிப்பவர்களில் ஒருவரை வைத்துக்கொண்டும் அணி ஒன்பதாம் இடத்தில்தான் இருந்தது. ஓர் ஆளின் புள்ளி ஓர் அணியின் தடுப்பு ஆகாது.

பட்டியலில் வராத இன்னொரு கணக்கும் இருக்கிறது, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. பிடிபட்ட ரெய்டர், தன் அணி எதிரணி ஆளை வெளியேற்றித் தன் முறை வரும்வரை வெளியே உட்கார வேண்டும். இரண்டு கோடிக்கு வாங்கிய ஆள் பலகையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த அணி இரண்டாந்தர ஆளைப் பாட அனுப்புகிறது. ஆகவே எத்தனை பேரைப் பிடித்தார் என்று எண்ணுவதைவிட, யாரைப் பிடித்தார், எப்போது பிடித்தார், அந்த ஆளை எவ்வளவு நேரம் உட்கார வைத்தார் என்று எண்ணினால் பிடிப்பவரின் மெய்யான விலை தெரியும்.

இந்த வாதத்துக்குத் தமிழ் தலைவாஸே நல்ல சான்று கொடுத்திருக்கிறது. 2019-இல் ராகுல் சௌத்ரி, அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர் என்ற பெரிய பெயர்களோடு இறங்கி, கடைசி இடத்தில் முடித்தது. 2022-இல் 2.26 கோடி கொடுத்த பவன் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுக்க ஆட முடியாமல் போனார். அணி அதோடு முடிந்தது என்றே நானும் நினைத்தேன். ஆனால் அங்கே சாகர், சாஹில் குலியா, எம். அபிஷேக், ஹிமான்ஷு என்ற இளம் தடுப்பு முந்தைய பருவத்திலிருந்தே சேர்ந்து நின்றுகொண்டிருந்தது. புதிய இளம் ஆட்டக்காரர் பிரிவில் வந்த நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அஷன் குமார் பயிற்சியில் அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேயிடம் 37-39 என்று, இரண்டே புள்ளியில் தோற்றது. விலை உயர்ந்த ஆள் இல்லாத பருவம்தான் அதுவரை தலைவாஸ் கண்ட சிறந்த பருவம்.

அதே பருவத்தில் கோப்பை வென்ற ஜெய்ப்பூரில் 89 பிடிப் புள்ளி எடுத்து லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரரான அங்குஷும் அந்த இளம் ஆட்டக்காரர் பிரிவில் வந்தவரே. ஏலத்தில் பெரிய சுத்தியல் அடித்து வாங்கிய ஆள் இல்லை.

அப்படியானால் தடுப்புக்குக் காசே கொடுக்க வேண்டாம், இளைஞர்களை வைத்து ஒப்பேற்றலாம் என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. கால்பந்தில் லிவர்பூல் 2018 ஜனவரியில் வர்ஜில் வான் டைக் என்ற தடுப்பாட்டக்காரருக்கு 75 மில்லியன் பவுண்டு கொடுத்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பை, அதற்கடுத்த ஆண்டு முப்பது வருடம் காத்திருந்த இங்கிலாந்து லீக் பட்டம். 2019-இல் மான்செஸ்டர் யுனைடெட் ஹாரி மகுவயருக்கு 80 மில்லியன் கொடுத்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டுமே பெரிய தொகைதான். ஒரு பக்கம் குறையாக இருந்த கடைசிக் கல் வாங்கப்பட்டது, மறுபக்கம் அடித்தளமே இல்லாத இடத்தில் கல் வாங்கப்பட்டது. எனவே இளைஞர்களைச் சேர்த்தே எடுத்து, மூன்று பருவமாவது பிரிக்காமல் வைத்து, அதன் பிறகு ஒரு மூலைக்கு வேண்டுமானால் கோடிகளைக் கொடுக்கலாம். வரிசை மாறினால் காசு வீண்.

வயதைப் பற்றியும் ஏலம் தவறாகவே கணிக்கிறது. பாடிப் போகிறவரின் கால் வேகம் முப்பதுக்குப் பிறகு இறங்குகிறது. பிடிப்பவருக்கு வேகத்தைவிடக் கண்ணும் பொறுமையும்தான் முதல். சேரலாதன் நாற்பதைக் கடந்து கோப்பையை ஏந்தினார். அதே 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அதன் பிறகும் யு மும்பா, ஹரியானா என்று ஆடினார். அவரோடு பாட்னாவில் நின்ற ஃபசல் 2025-இல் டபங் டெல்லியின் கோப்பை அணியிலும் இருந்தார், முப்பதைக் கடந்து. நல்ல மூலை ஆட்டக்காரருக்குப் பத்து ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்தப் பத்து ஆண்டையும் கணக்கில் சேர்த்தால் பலருக்கு இன்று கொடுக்கும் தொகை குறைவு.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சம்பா அறுவடை முடிந்து, மேட்டூர் அணை திறப்பதற்கு முந்தைய மாதங்களில் தஞ்சாவூர், மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் சுவர் தவறாமல் மின்னொளி கபடிப் போட்டிச் சுவரொட்டி ஒட்டியிருக்கும். அறுத்த வயலில் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து மிதித்துச் சமப்படுத்திய களத்தில் விடிய விடிய ஆட்டம் நடக்கும். சிறுவனாக அந்தக் களங்களின் கயிற்றோரம் உட்கார்ந்து பார்த்தவன் நான். அங்கே நான் கண்ட நல்ல தடுப்புகள் பெரும்பாலும் ஒரே தெருவில் வளர்ந்தவர்களுடையவை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பத்து வருடம் ஒரே களத்தில் கைகோர்த்தவர்கள். வெளியூரிலிருந்து பணம் கொடுத்து அழைத்து வருவது எப்போதும் பாடிப் போகிறவரைத்தான். பிடிப்பதற்கு வெளி ஆளை அழைத்து வந்தால் சங்கிலி அறும் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். ஏலம் நடத்துபவர்கள் கோடிகளைச் செலவழித்துக் கற்ற பாடம் அந்த வயல்களில் ஏற்கெனவே இருந்தது.

ஆனால் அதே ஊர்களில் பரிசு கொடுக்கும்போது பிடிப்பவர் மறுபடியும் பின்வரிசைக்குப் போய்விடுகிறார். திரைப்படங்களில்கூடப் பாடிப் போகிறவனே நாயகன். போலீஸ், ரயில்வே அணிகளில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு ஆட வரும் பையன் அதைப் பார்த்துப் பாடவே கற்கிறான். மூலையில் நிற்க ஆசைப்படும் பையன்கள் குறைகிறார்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் மன்னார்குடிக்குப் பக்கத்து வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். தமிழ்நாடு அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. டெல்டாவில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ் தலைவாஸ் இந்த வட்டாரத்துக்கு வந்து, ஒரே களத்தில் சேர்ந்து வளர்ந்த இரண்டு மூலைகளையும் இரண்டு கவர்களையும் ஒன்றாகவே எடுக்க வேண்டும். நாலு பேரையும் நாலு அணியில் தேடி வாங்குவதற்குப் பதிலாக, நாலு பேரையும் ஒரே ஊரில் பார்க்கலாம். வாங்கிய பிறகு முதல் பருவத்தில் தோற்றாலும் பிரிக்கக் கூடாது.

அடுத்த தையில் போட்டி நடத்தப்போகும் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறந்த ரெய்டருக்குக் கொடுக்கும் கோப்பையின் அதே உயரத்தில், சேர்ந்து நின்று பிடித்த இருவருக்கு இரண்டு கோப்பை வையுங்கள். புள்ளி எழுதும் தம்பியிடம் இன்னொரு கட்டம் போடச் சொல்லுங்கள். வெறுங்கையோடு திரும்பிய பாட்டு எத்தனை, அப்போது மூலையில் நின்றது யார் என்று அதில் எழுதட்டும்.